தேங்காய்த் தொட்டியும் மின்சாரமும்

நம் சங்கத்தின் பொங்கல் விழா முடிந்த மறுநாள் காலை, விடுதிச் சமையற்கட்டின் பின்புறம் நான் ஒரு சாக்குப் பையோடு குனிந்து நின்றதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். விழாவுக்கு உடைத்த தேங்காய்களின் ஓடுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "என்னப்பா, அகப்பை செய்து விற்கப் போகிறாயா?" என்று நாகர்கோவில் நண்பர் கேட்டார். அவருக்கு அது சிரட்டை. தஞ்சாவூர் நண்பருக்குக் கொட்டாங்கச்சி. காங்கயத்துக்குப் பக்கத்தில் பிறந்த எனக்கோ அது தொட்டி. பெயர் எதுவானால் என்ன, பொருள் ஒன்றுதானே! அதைக் கரியாக்கி, அந்தக் கரியில் மின்சாரத்தைச் சேமித்து வைக்கப் போகிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். மலர் ஆசிரியர் சிரிக்கவில்லை. "அதையே கட்டுரையாக எழுதிக் கொடுங்கள், கலைப்பிரிவு மாணவருக்கும் விளங்க வேண்டும்" என்று கட்டளையிட்டார். அக்கட்டளையின் விளைவே இது.

கரிக்குள் என்ன இருக்கிறது?

அடுப்புக் கரித்துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் பருமனுக்கு ஏற்ற கனம் அதில் இல்லை. விறகிலும் தொட்டியிலும் இருந்த நீரும், வாயுக்களும், தார் போன்ற பொருள்களும் சூட்டில் வெளியேறிவிட்டன. எஞ்சியது பெரும்பாலும் கார்பன். அதோடு, வெளியேறியவை விட்டுச் சென்ற வெற்றிடம்.

கார்பன் அணுக்கள் தேனடை போன்ற அறுகோண வடிவில் கைகோத்து ஏடுகளாக அமையும் இயல்புடையவை. பென்சில் குச்சியிலுள்ள கிராபைட்டில் அந்த ஏடுகள் புத்தகத்தின் தாள்களைப்போல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. கரியிலோ, அதே தாள்களைக் கிழித்துக் கசக்கிக் கூடையில் எறிந்தாற்போல் தாறுமாறாகக் கிடக்கின்றன. கசங்கிய தாள்களுக்கிடையே இடைவெளிகள் இருக்குமல்லவா? அவையே கரியின் நுண்துளைகள். அவற்றை அளக்க நானோமீட்டர் என்னும் அளவு வேண்டும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஒரு நானோமீட்டர்.

சாதாரணக் கரியில் இத்துளைகள் பல தாரினால் அடைபட்டும், வாய் குறுகியும் கிடக்கும். அவற்றைத் திறந்தும், புதியன துளைத்தும், விரித்தும் ஆக்கிய கரியையே ஆக்டிவேட்டட் கார்பன் என்கிறார்கள். கிளர்வூட்டிய கரி என்று நாம் சொல்லலாம். நல்ல கிளர்வூட்டிய கரி ஒரு கிராமில் 1,000 முதல் 3,000 சதுர மீட்டர் வரை உட்பரப்பு இருப்பதாக அளவுகள் காட்டும். ஒரு கால்பந்து மைதானத்தின் நீளம் 105 மீட்டர், அகலம் 68 மீட்டர் என்று கொண்டால், பரப்பு 7,140 சதுர மீட்டர். ஆக, மிகச் சிறந்த கரியில் இரண்டரை கிராமுக்குள் ஒரு மைதானம் மடிந்து கிடக்கிறது!

இக்குணத்தை மனிதன் அறிந்தது இன்று நேற்றல்ல. கரி வாயுக்களை உறிஞ்சிப் பிடித்துக்கொள்வதை ஷீலே என்னும் சுவீடன் தேசத்து இரசாயன அறிஞர் 1773-ல் கண்டார். கரைசல்களின் நிறத்தை அது போக்குவதை ரஷ்யாவிலிருந்த லோவிட்ஸ் 1785-ல் கண்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1900, 1901 ஆகிய ஆண்டுகளில், ஆஸ்ட்ரெய்கோ என்பவர் இரு வழிகளுக்குக் காப்புரிமை பெற்றார். ஒன்று, சூடான கரியின்மேல் நீராவியையோ கரியமில வாயுவையோ செலுத்துவது. மற்றொன்று, உலோகக் குளோரைடுகளைக் கலந்து சுடுவது. இன்றைய முறைகள் எல்லாம் இவ்விரண்டின் வாரிசுகளே. பிறகு 1915-ல் ஈப்ரே போர்க்களத்தில் குளோரின் நச்சு வாயு ஏவப்பட்டது. நச்சு வாயுவைத் தடுக்க முகமூடி வேண்டும். முகமூடிக்கு நல்ல கரி வேண்டும். அமெரிக்காவில் தேங்காய்த் தொட்டிகளையும் பீச் பழக்கொட்டைகளையும் அதற்காகத் திரட்டினார்கள். தொட்டிக்கு வந்த முதல் மதிப்பு போரினால் வந்த மதிப்பு!

திண்ணையில் அமரும் விருந்தாளி

சரி, பரப்புக்கும் மின்சாரத்துக்கும் என்ன உறவு?

உப்பையோ காரத்தையோ நீரில் கரைத்தால் அது அயனிகளாகப் பிரிகிறது. சில நேர்மின்னுடையவை, சில எதிர்மின்னுடையவை. அந்தக் கரைசலில் இரு கரித்தகடுகளை வைத்து, பாட்டரியோடு இணைத்தால், ஒரு தகடு நேர்மின்னும் மற்றது எதிர்மின்னும் பெறுகிறது. உடனே எதிர்மின் அயனிகள் நேர்மின் தகட்டின் ஓரத்தில் வந்து வரிசையாக நிற்கின்றன. மற்றவை மறுபக்கம் நிற்கின்றன. தகட்டின் மின்னும் அயனியின் மின்னும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும் இந்த இரட்டை அடுக்கை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே விளக்கினார்.

சாதாரண மின்கலத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமையை நம் ஊர் வழக்கத்தைக்கொண்டு சொல்கிறேன். மின்கலத்தில் விருந்தாளி வீட்டுக்குள்ளே வந்து, கூடம் கடந்து, சமையலறை வரை நுழைகிறார். வருவதற்கும் நேரமாகும், போவதற்கும் நேரமாகும். வீடும் நாளடைவில் தேயும். இங்கேயோ அவர் திண்ணையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு எழுந்து போகிறார். கணத்தில் வருகிறார், கணத்தில் போகிறார். அதனால்தான் இத்தகைய மீமின்தேக்கிகளைச் சில விநாடிகளில் மின்னேற்றலாம். பல லட்சம் தடவை ஏற்றி இறக்கினாலும் அதிகம் தேய்வதில்லை. ஆனால் ஒரு குறை உண்டு. திண்ணையில் எத்தனை பேர் உட்கார முடியும்? நிறையப் பேர் உட்கார வேண்டுமானால் திண்ணை நீளமாக இருக்க வேண்டும். கரியின் உட்பரப்பே அந்தத் திண்ணை.

கணக்கும் எளிது. ஒரு சதுர சென்டிமீட்டர் கார்பன் பரப்பில் சுமார் 10 மைக்ரோபாரட் மின்தேக்கம் கிடைக்கும் என்று கொள்வோம். ஒரு கிராம் கரியில் 2,000 சதுர மீட்டர் பரப்பு இருந்து, அது முழுவதும் பயன்பட்டால், 200 பாரட் கிடைக்க வேண்டும். வானொலிப் பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கிகள் பாரட்டில் லட்சத்தில் ஒரு பங்கும் பத்து லட்சத்தில் ஒரு பங்குமாக இருக்க, ஒரு சிட்டிகைக் கரியில் 200 பாரட்! நுண்துளைக் கரியால் இப்படி ஒரு மின்தேக்கி செய்யலாம் என்று அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த பெக்கர் 1957-ல் காப்புரிமை பெற்றார். 1970-களின் இறுதியில் ஜப்பானில் அது கடைச்சரக்காயிற்று.

கரியைத் துளைக்கும் வழிகள்

நீராவியால் துளைப்பது ஒரு வழி. 800 டிகிரிக்கும் மேல் சூடேறிய கரியை நீராவி அரிக்கிறது. கார்பன் அணு ஒன்று நீராவியோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடாகவும் ஹைட்ரஜனாகவும் வெளியேறுகிறது. அது இருந்த இடம் துளையாகிறது. இதைப் பௌதிகக் கிளர்வு என்பார்கள்.

இரண்டாவது வழி இரசாயனக் கிளர்வு. இதில் மூன்று மருந்துகள் பேர்பெற்றவை: துத்தநாகக் குளோரைடு, பாஸ்பாரிக் அமிலம், காஸ்டிக் பொட்டாஷ். முதல் இரண்டும் பெரும்பாலும் சுடாத மரத்தூளிலேயே கலக்கப்படுகின்றன. அவை மரத்திலுள்ள ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் நீராகப் பிரித்து வெளியேற்றுகின்றன. அதனால் தார் குறைகிறது. கார்பன் வீணாகாமல் மிஞ்சுகிறது. மருந்து தானே மரத்துக்குள் ஊறிப் பரவி இடம் பிடித்துக்கொள்கிறது; சுட்ட பிறகு அதைக் கழுவி எடுத்தால், அது இருந்த இடமெல்லாம் துளை. வேலையும் 400 முதல் 600 டிகிரிக்குள்ளேயே முடிந்துவிடும். துத்தநாகம் கழுவுநீரில் கலந்து கேடு விளைவிப்பதால் அதன் செல்வாக்கு இப்போது குறைந்துவிட்டது.

மின்தேக்கிக் கரியை ஆராய்வோர் அதிகம் நாடுவது மூன்றாவதாகிய காஸ்டிக் பொட்டாஷைத்தான். இதன் போக்கே வேறு. முன்பே கரியாக்கிய பொருளோடு இதைக் கலந்து, காற்று புகாதபடி நைட்ரஜன் ஓடும் குழாயில் வைத்துச் சுட வேண்டும். 360 டிகிரியில் பொட்டாஷ் உருகி, கரியை நனைக்கிறது. மேலும் சூடேறும்போது அது கார்பனைத் தின்னத் தொடங்குகிறது. மூலக்கூறுக் கணக்கில், 6 பொட்டாஷும் 2 கார்பனும் சேர்ந்து, 2 பொட்டாசியமும் 3 ஹைட்ரஜனும் 2 பொட்டாசியம் கார்பனேட்டும் ஆகின்றன. 700 டிகிரிக்கு மேல் அந்தக் கார்பனேட்டும் சும்மா இருப்பதில்லை. அதுவும் சிதைந்தும் கார்பனைத் தாக்கியும் மேலும் துளையிடுகிறது.

இதில் விந்தையானது பொட்டாசிய உலோகத்தின் வேலை. அது 760 டிகிரிக்குச் சற்றுக் கீழே கொதித்து ஆவியாகும். ஆவியான பொட்டாசியம் கார்பன் ஏடுகளுக்கிடையே ஆப்பு வைத்தாற்போல் நுழைந்து அவற்றை அகற்றிவிடுகிறது. ஆறிய பிறகு அமிலத்தாலும் நீராலும் கழுவினால் பொட்டாசியம் வெளியேறுகிறது. ஆனால் விரிந்த ஏடுகள் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அரிப்பது ஒரு கை, ஆப்படிப்பது ஒரு கை. இப்படி இரு கைகளாலும் வேலை செய்வதால்தான் இம்முறையில் இவ்வளவு பரப்பு கிடைக்கிறது. 1970-களில் அமெரிக்காவில் இம்முறையால் 3,000 சதுர மீட்டரை எட்டும் கரியைச் செய்து காட்டினார்கள்.

நான் பட்ட பாடு

படித்தபோது எல்லாம் எளிதாகத்தான் இருந்தது. முதல் தடவை பீங்கான் கிண்ணத்தில் வைத்துச் சுட்டேன். உருகிய பொட்டாஷ் பீங்கானையும் தின்னும் என்பதை நினைக்கவில்லை. அடுப்பைத் திறந்தபோது கிண்ணம் பிளந்து, பாதிக் கரி குழாயின் அடியில் ஒட்டிக்கிடந்தது. அதன் பிறகு நிக்கல் கிண்ணம் வாங்கினேன்.

இரண்டாவது பாடம் இன்னும் கடுமையானது. சூட்டை 850 டிகிரிக்கு உயர்த்திப் பார்த்த நாள் அது. அடுப்பு ஆறியதும் குழாயின் குளிர்ந்த முனையில் வெள்ளி பூசியதுபோல் ஒரு பளபளப்பு. அழகாக இருக்கிறதே என்று வியந்தேனே தவிர, அது என்னவென்று சிந்திக்கவில்லை. கரியை எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, வழக்கம்போல் நீரை ஊற்றினேன். சடசடவென்ற ஒலி, ஊதா நிறத்தில் ஒரு சுடர் எழுந்தது! பொட்டாசியம் நீரைத் தொட்டால் தீப்பற்றும் என்று பள்ளியில் படித்ததெல்லாம் அந்தக் கணத்தில் நினைவுக்கு வந்தது. கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது. சட்டைக் கையில் இரண்டு துளைகள். துளையிடும் கலையில் அன்றைய என் சாதனை அதுதான்.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆய்வகத்தில் புதிதாக நுழையும் தம்பி தங்கையர் அறிந்துகொள்ள வேண்டும். அடுப்பு முழுதும் ஆறும் வரை நைட்ரஜனை நிறுத்தாதீர்கள். நீருக்கு முன்னால் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக, நைட்ரஜன் ஓட்டத்திலேயே விட்டு, எஞ்சிய பொட்டாசியத்தை மெல்ல அடக்குங்கள். தனியாக இருக்கும்போது இவ்வேலையைச் செய்யாதீர்கள்.

எண்ணின் மயக்கம்

பொங்கல் தொட்டியிலிருந்து நான் இரண்டு கரிகளைச் செய்தேன். முதற்கரிக்கு, ஒரு பங்கு கரிக்கு இரண்டு பங்கு பொட்டாஷ், 700 டிகிரி சூடு. இரண்டாவதற்கு ஐந்து பங்கு பொட்டாஷ், 850 டிகிரி.

பரப்பை அளப்பது ஒரு தனிக் கலை. கரியை மைனஸ் 196 டிகிரிக்குக் குளிரவைத்து, எவ்வளவு நைட்ரஜன் அதில் ஒட்டுகிறது என்று பார்க்கிறார்கள். 1938-ல் புருனோர், எம்மெட், டெல்லர் என்னும் மூவர் வகுத்த சூத்திரத்தால் அதைப் பரப்பாக மாற்றுகிறார்கள். முதற்கரி 1,500 சதுர மீட்டர், இரண்டாவது 2,700. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மின்தேக்கத்தை அளந்தேன். முதற்கரி ஒரு கிராமுக்கு 200 பாரட், இரண்டாவது 260. அடுத்த மாதம் ஒரு மாநாடு. கட்டுரைச் சுருக்கத்தில் 260 என்ற எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டு, எங்கள் பேராசிரியரிடம் கொண்டுபோனேன்.

அவர் தாளைப் பார்க்கவில்லை. "இரண்டு கரியையும் கொண்டுவாருங்கள்" என்றார். இரண்டு சிறு சோதனைக் குழாய்களில் ஆளுக்கு ஒரு கிராம் நிறுத்துப் போடச் சொன்னார். முதற்கரி குழாயின் அடியில் அடங்கியது; இரண்டாவது ஏறத்தாழ இருமடங்கு உயரம் நின்றது. "மின்தேக்கி செய்கிறவன் கிராமில் வீடு கட்டுவதில்லை, அவனுக்கு இருப்பது ஒரு சிறிய டப்பா. அந்த டப்பாவுக்குள் எது அதிகம் கொள்ளும்?" என்று கேட்டார்.

அங்கேயே உட்கார்ந்து கணக்கிட்டேன். மின்வாயாக அழுத்திய பிறகு முதற்கரியின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 0.7 கிராம், இரண்டாவது 0.35. ஆகவே ஒரு கன சென்டிமீட்டரில் முதற்கரி 140 பாரட் தருகிறது; நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடிய இரண்டாவதோ 91 தான்! அதோடு, பத்து கிராம் கரியைச் சுட்டால் முதல் முறையில் ஏழு கிராம் திரும்புகிறது. இரண்டாம் முறையில் நாலு கிராம்கூடத் தேறுவதில்லை.

இன்னொன்றும் அவர் காட்டினார். ஒரே அணுப் பருமனுள்ள கார்பன் ஏடு ஒன்றை எடுத்து, அதன் இரு முகங்களையும் சேர்த்து அளந்தாலும், ஒரு கிராமுக்கு 2,630 சதுர மீட்டர்தான் வரும். என் கரியோ 2,700 என்கிறது! ஏட்டின் ஓரங்களும் சிறிது சேர்ந்திருக்கலாம். ஆனால் முக்கியக் காரணம், மிகச் சிறு துளைகளில் நைட்ரஜன் சுவரில் படிவதோடு நில்லாமல் துளையையே நிரப்பிவிடுகிறது. சூத்திரம் அதையும் பரப்பு என்று எண்ணிக்கொள்கிறது. எண் பெரிதாகத் தெரிந்தால் உடனே மகிழக்கூடாது. அது எப்படிப் பிறந்தது என்று விசாரிக்க வேண்டும்.

கிராமுக்கு இத்தனை பாரட் என்பதிலும் ஒரு சூழ்ச்சி ஒளிந்திருக்கிறது. மின்தேக்கியில் இரண்டு மின்வாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருக்கின்றன. ஆகவே மொத்த மின்தேக்கம் பாதியாகிறது, எடையோ இரட்டிக்கிறது. 200 பாரட் என்று சொன்னது, இரு மின்வாய்க் கரியையும் சேர்த்துப் பார்த்தால் கிராமுக்கு 50 தான். அதற்கு மேல் உலோகத் தகடு, கரைசல், உறை ஆகியவற்றின் எடை வேறு. மெல்லிய பூச்சாகப் பூசிய கரியில் அளந்த எண்ணை வைத்து முழுச் சாதனத்தின் ஆற்றலைப் பேசக்கூடாது என்று கோகோட்சி, சிமோன் என்னும் இரு அறிஞர்கள் 2011-ல் ஆராய்ச்சி உலகத்துக்கே எச்சரிக்கை விடுத்தார்கள். நானும் அந்தக் குற்றத்தைச் செய்ய இருந்தேன். கடைசியில் இரண்டு கரிகளையும், இரண்டு விதக் கணக்குகளையும் சேர்த்தே எழுதி அனுப்பினேன். பெரிய எழுத்து இல்லை.

அளவான துளை

முதற்கரி ஏன் வென்றது? மறுபடியும் கணக்கைப் பாருங்கள். 200 பாரட்டை 1,500 சதுர மீட்டரால் வகுத்தால், சதுர சென்டிமீட்டருக்கு 13 மைக்ரோபாரட்டுக்கு மேல் வருகிறது. இரண்டாவதில் 10-க்கும் குறைவு. அதாவது, இரண்டாவதில் திண்ணை நீளம், ஆனால் விருந்தாளிகள் இடம்விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முதற்கரியின் குறுகிய துளைகளில் அவர்கள் சுவரோடு சுவராக நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள்.

கரைசலிலுள்ள அயனி தனியாக வருவதில்லை. குடையும் மூட்டையுமாக வரும் பயணியைப்போல், தன்னைச் சுற்றிக் கரைப்பான் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டே நகர்கிறது. வணிக மின்தேக்கிகளில் பயன்படும் ஒரு கரிம அயனியின் குறுக்களவு சுமார் 0.7 நானோமீட்டர், மூட்டை முடிச்சோடு சேர்ந்தால் 1.3 நானோமீட்டர். ஆகவே அதைவிடச் சிறிய துளைகள் வீண் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2006-ல் கிமியோலா, கோகோட்சி, சிமோன் முதலியோர் அந்த எண்ணத்தை மாற்றினார்கள். துளையின் அளவு ஒரு நானோமீட்டருக்கும் கீழே குறைந்தபோது, மின்தேக்கம் குறைவதற்குப் பதிலாக ஏறியது! அயனி தன் மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே நுழைகிறது என்றும், அதனால் சுவருக்கு இன்னும் அருகில் நிற்கிறது என்றும் அவர்கள் விளக்கினார்கள். இடைவெளி குறையக் குறைய மின்தேக்கம் கூடுவது ஹெல்ம்ஹோல்ட்ஸ் காலத்திலிருந்தே தெரிந்த விதி.

ஆனால் எல்லாத் துளையும் இப்படிச் சிறிதாக இருந்துவிட்டாலும் ஆபத்து. குறுகிய சந்தில் கூட்டம் நெருக்கியடித்தால் வேகமாக உள்ளே போகவும் முடியாது, வெளியே வரவும் முடியாது. ஊருக்குச் சந்தும் வேண்டும், தெருவும் வேண்டும், பெருவீதியும் வேண்டும். இரண்டு நானோமீட்டருக்குக் குறைந்த துளைகளே சேமிக்கும் இடம். இரண்டிலிருந்து ஐம்பது வரை உள்ளவை அயனி வந்துபோகும் தெரு. பொட்டாஷின் அளவையும், சூட்டையும், நேரத்தையும் மாற்றி இந்த ஊரை வகுப்பதே இரசாயனக் கிளர்வின் சாரம். அதிகம் துளைப்பது திறமையன்று. அளவாகத் துளைப்பதே திறமை.

இவ்வளவும் செய்து கிடைப்பது எவ்வளவு? 3,000 பாரட் கொண்ட வணிக மீமின்தேக்கி ஒன்று அரைக் கிலோ எடை இருக்கும், 2.7 வோல்ட் வரை ஏற்றலாம். அது தேக்கும் ஆற்றல் சுமார் 3 வாட்-மணி. நம் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியின் மின்கலம் அதில் எட்டில் ஒரு பங்கு எடைகூட இல்லாமல், ஏறத்தாழ 15 வாட்-மணி தேக்குகிறது. ஆகவே மின்கலத்தை இது விரட்டிவிடும் என்பது வீண் பேச்சு. நொடியில் பெருஞ்சக்தி வேண்டிய இடத்தில்தான் இதற்கு மதிப்பு. பிரேக் போடும்போது வீணாகும் ஆற்றலைப் பிடித்து, வண்டி கிளம்பும்போது திருப்பித் தருவது, காற்றாலை இறக்கையை அவசரத்தில் திருப்புவது, இவை போன்றவை. ஷாங்காய் நகரில் 2006 முதல் இத்தகைய மின்தேக்கியால் ஓடும் பேருந்துகளை விட்டார்கள். நிறுத்தங்களில் நிற்கும் நேரத்திலேயே அவை மின்னேற்றிக்கொண்டன.

எங்கள் ஊர்க் கணக்கு

நிற்க. இக்கட்டுரையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் என் மனத்தில் உறுத்தும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை.

காங்கயம் வட்டாரத்தில் தேங்காய்க் களங்களும், தொட்டிக் கரிச் சூளைகளும், கிளர்வூட்டிய கரி ஆலைகளும் நிறைய உண்டு. பலருக்குச் சோறு போடும் தொழில் அது. அதே சமயம், குழிகளில் தொட்டியைச் சுடும்போது எழும் புகையைப்பற்றியும், கரியை அணைக்க ஊற்றும் நீர் தாரோடு மண்ணுக்குள் இறங்குவதைப்பற்றியும் கொங்கு நாட்டு விவசாயிகள் பல காலமாக முறையிட்டு வருகிறார்கள். எங்கள் ஊரில் ஒரு கிணற்று நீர் பழுப்பு நிறமானதை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். அதை வாளியில் இறைத்து, மோந்து பார்த்துவிட்டு, என் தாயார் ஒன்றும் பேசாமல் கீழே கொட்டினார்கள்.

இப்போது என் ஆய்வகக் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ கரிக்கு ஐந்து கிலோ காஸ்டிக் பொட்டாஷ். சுட்ட பின் அவ்வளவு பொட்டாசியமும், அதைக் கழுவிய அமிலமும், வாளி வாளியாக நீரும் எங்கே போவது? கையளவுக் கரிக்கு ஆய்வகத் தொட்டி இருக்கிறது. டன் கணக்கில் செய்தால்? எங்கள் ஊருக்குப் போய், "நீராவியை விட்டுவிடுங்கள், பொட்டாஷ் போடுங்கள், பரப்பு அதிகம் வரும்" என்று நான் சொல்ல முடியுமா? அந்தக் கிணறு நினைவுக்கு வருகிறது, வாய் வரவில்லை.

வழி இல்லாமல் இல்லை. கழுவுநீரிலுள்ள பொட்டாசியம் கார்பனேட்டைச் சுண்ணாம்போடு சேர்த்தால், மறுபடியும் பொட்டாஷ் கிடைக்கும். பாஸ்பாரிக் அமிலத்தையும் பெருமளவு மீட்கலாம். இரண்டு பங்கு போதுமான இடத்தில் ஐந்து பங்கு போடாமலிருப்பது அதைவிட எளிய வழி. என் முதற்கரியே அதற்குச் சாட்சி. தொட்டியைத் திறந்த குழியில் சுடாமல் மூடிய சூளையில் சுட்டு, வெளிவரும் புகையையே எரிபொருளாக்கலாம். ஜப்பானிலுள்ள குராரே நிறுவனம் தேங்காய்த் தொட்டிக் கரியை நீராவியாலேயே பதப்படுத்தி, உலகெங்கும் மின்தேக்கிக்கு விற்கிறது. ஆக, தொட்டி நல்ல சரக்கு என்பதில் ஐயமில்லை. நாம் அதைக் கரியாக விற்றுவிட்டு, மின்தேக்கியாக விலைகொடுத்து வாங்குவதுதான் வருத்தம்.

மின்வேதியியலுக்கென்றே நம் நாட்டில் ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அது காரைக்குடியில் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் கொடுத்ததால் எழுந்து, 1953-ல் திறக்கப்பட்டது. காரைக்குடிக்கும் காங்கயத்துக்கும் இடையே தூரம் அதிகமில்லை. அந்தச் சிறு தூரத்தைக் கடக்க நம்மவர் சிலர் வேண்டும். இரசாயனம் படிப்பவர் மட்டும் போதாது. கழுவுநீரின் கணக்கைப் பார்க்கப் பொறியியல் மாணவர் வேண்டும். ஆதாயக் கணக்கைப் பார்க்கப் பொருளாதாரம் படிப்பவர் வேண்டும். கிணற்றுக்காகப் பேசச் சட்டம் படிப்பவரும் வேண்டும். நம் சங்கத்தில் எல்லாரும் இருக்கிறோம்.

அடுத்த பொங்கலுக்கும் நான் சாக்குப் பையோடு வருவேன். சிரட்டையானாலும், கொட்டாங்கச்சியானாலும், தொட்டியானாலும், குப்பையில் எறியாமல் எடுத்து வையுங்கள். நாகர்கோவில் நண்பருக்கு மட்டும் ஒரு செய்தி: போன தடவைத் தொட்டியில் செய்த மின்தேக்கி ஒன்று என் மேசைமேல் இருக்கிறது. அது ஒரு சிறு சிவப்பு விளக்கை இரண்டு நிமிஷம் எரிக்கிறது. நேரில் வந்து பார்த்துவிட்டு, பிறகு சிரிக்கட்டும்.